காப்பி ஆச்சா, இல்லையா?

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு ‘ஆச்சாக்கா’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, "ஆச்சா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க!" என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு வந்த பெயர். வீட்டிலும் இதே கூத்துதான். "கேஸை மூடியாச்சா?" என்று கேட்டால், கணவர் சும்மா தலையாட்டித் தப்ப முடியாது. "ஆச்சு தாயே, ஆச்சு!" என்று கும்பிடு போட்டால்தான் விடுவாள்.

அவள் எழுதுவது ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரி வரியாகச் செய்து முடிக்க வேண்டிய கட்டளைகள். அதில் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்யும் கட்டளைத் தொகுப்பை, வேலைக்கு ஏவினால், அது திரும்பி வந்து ஒரு பதில் சொல்லும்: ஆச்சு, அல்லது ஆகவில்லை. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் பதில் காற்றோடு போய்விடும். ஸ்கிரிப்ட் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போகும். அதனால் வாங்காத பதில் எங்கே இருந்தாலும் திரையில் எச்சரிக்கை வரும்படி செய்து வைத்திருந்தாள். வேண்டாத பதில் என்றால் வரியின் முன்னால் ஓர் அடிக்கோடு (_) போட வேண்டும். தெரிந்துதான் விடுகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

பழைய சர்வரில் இருந்த ஸ்கேன் படங்களைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை வந்தது. ஒவ்வொரு பிரிவாக நகலெடுத்து, பழையதை அழிக்க வேண்டும். அழித்தால் அழித்ததுதான், வேறெங்கும் பிரதி கிடையாது. ஸ்கிரிப்டை டீம் லீடரே எழுதினார். திரை முழுக்க எச்சரிக்கை வந்ததும் மனுஷனுக்கு எரிச்சல். ஒரே மூச்சில் எல்லா வரிக்கும் அடிக்கோட்டைப் போட்டுவிட்டார். திரை பளிச்சென்று ஆனது.

காலையில் வந்து பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார் இது? எல்லார் வாயையும் பொத்தி வச்சிருக்கீங்க?"

"அட, சும்மா தொணதொணன்னுச்சும்மா. காப்பி ஆகாம எங்க போகப் போகுது? ஓட்டுங்க. மத்தியானம் பழைய மெஷினைக் கழட்ட ஆள் வராங்க."

"வரட்டும், உக்காந்திருக்கட்டும். இதை இப்படியே ஓட்ட எனக்குக் கை வராது."

வரி வரியாகப் படித்தாள். திரையில் செய்தி காட்டும் வரிகளுக்கு அடிக்கோடு இருந்துவிட்டுப் போகட்டும். நகலெடுக்கும் வரியில் மட்டும் அதைப் பிடுங்கி எறிந்தாள். பதிலை வாங்கி, ஆகவில்லை என்றால் அங்கேயே நில் என்று எழுதினாள். லீடர் பின்னால் நின்று உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார்.

ஓட்டினாள். எலும்புப் பிரிவு ஆச்சு. குழந்தைகள் பிரிவு ஆச்சு. இதயப் பிரிவில் நின்றது. ஆகவில்லை! அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி, பாதிப் படங்கள் போகவே இல்லை. அடுத்த வரியே அழிக்கும் வரி.

லீடருக்கு முகம் வெளுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல வேளைம்மா. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்க இருந்தேன்."

"உங்க தலை கிடக்கட்டும் சார். உள்ள படுத்திருக்காங்களே, அவங்க கதி?"

இடத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினார்கள். எல்லாம் ஆச்சு. பழைய மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் இதய டாக்டர் போன் செய்தார். ஓர் அம்மாவுக்கு அவசர ஆபரேஷன், பழைய ஸ்கேன் இருக்கிறதா, இல்லையா? லீடர் போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தேடித் திறந்தாள். படம் வந்தது.

"நீங்களே சொல்லுங்க" என்று போனை நீட்டினார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனை வாங்கினாள். பெருமைதான், வேறென்ன!

"இருக்கு டாக்டர்" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.