யோகன் அண்ணையும் நான் மாற்றிய வானங்களும்

யோகன் அண்ணை இல்லை.

நேற்றுப் பின்னேரம், பருத்தித்துறைப் பக்கம் கடற்கரையில் ஒரு கலியாண அவுட்டோர் ஷூட். இடி விழுந்துவிட்டது. அந்த இடத்திலேயே...

நிறையப் பேர் மெசேஜ் போட்டுக் கேட்கிறீர்கள். உண்மைதான். பொம்பிளைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. தூறல் தொடங்கியதும் அவர்களைக் காருக்குள் ஏறச் சொல்லிவிட்டாராம். அவர் மட்டும் கமராவோடு வெளியில் நின்றிருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் நல்லூர் ஸ்டுடியோவின் கமராமேன். பதினொரு வருசமாக அவர் எடுத்ததை எடிட் பண்ணியது நான். அவர் வெயிலில், நான் ஏசிக்குள்.

திருப்பி வாசிக்காமல் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை உரும்பிராய்த் தோட்டக்காரர். விடிய வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறிவிட்டு, குளித்துவிட்டு, கமராவோடு வருவார். ஸ்டுடியோ வாசலில் நின்று ஒருதரம் மேலே பார்ப்பார். மூன்று மணிக்கு மழை என்றால் மூன்று மணிக்கு மழைதான். எங்கள் ஃபோனில் இருந்த வெதர் ஆப்பை அவருக்கு முன்னால் திறக்கவே வெட்கமாக இருக்கும்.

அவரிடம் ஒரேயொரு சட்டம். முதல் இடிமுழக்கம் கேட்டால் ட்ரைபொட்டை மடிப்பார். எவர் கத்தினாலும் மடிப்பார்.

ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் லண்டனிலிருந்து வந்த தாய்மாமன் எல்லாருக்கும் முன்னால் நக்கலடித்தார். "என்ன கமராமேன், ரெண்டு துளிக்கே பயமோ?"

"ஓம் அண்ணை, பயம்தான். தோட்டத்துக்குள்ளை மண்வெட்டியோடை நிண்ட ஒராளுக்கு இடி விழுந்து, பிணமாத் தூக்கினனாங்கள். இந்தக் கையாலைதான் தூக்கினது."

மாமன் நகர்ந்து வழி விட்டார்.

பிறகு நான் வானம் மாற்றப் பழகினேன்.

பழகாதவர்களுக்குச் சொன்னால்... வீடியோவில் இருக்கிற வானத்தை சொஃப்ட்வெயரில் வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு வானத்தை வைப்பது. மப்பும் மந்தாரமுமாக எடுத்ததை நீல வானமாக்கலாம், அந்திச் சிவப்பாக்கலாம்.

முதல்முதல் ஒரு கனடா மாப்பிள்ளையின் கிளிப்பில் செய்து காட்டினேன். அண்ணை மொனிட்டருக்குள் தலையை விடுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார்.

"டேய், உது எந்த ஊர் வானமடா?"

பிறகு அரைமணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, "சூரியன் இடப்பக்கம் நிக்குது, பொம்பிளையின்ரை நிழலும் இடப்பக்கம் விழுது. உலகத்திலை எங்கையடா உப்பிடி விழும்?" என்றார். அதுவரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை. ஸ்டுடியோ முழுக்கச் சிரிப்பு.

அதற்குப் பிறகு எனக்கு உதவியாகவே எடுத்தார். பனை ஓலை பின்னால் வந்தால் ஒவ்வொரு ஈர்க்காக வெட்ட வேண்டும், நான் படுகிற பாடு தெரிந்து ஆட்களைப் பனையை விட்டு அங்கால் நிறுத்துவார்.

நான்தான் ஒருநாள் சொன்னேன். "வெயிலை விட மப்புத்தான் நல்லம் அண்ணை. முகத்திலை கறுப்பு விழாது, வானத்தை வெட்டவும் லேசு."

அதற்குப் பிறகு அவர் மடிக்கப் பிந்தத் தொடங்கினார். ஐந்து நிமிசம்... பத்து நிமிசம். நான் கவனித்தேன். கிளிப் கூடக் கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

நேற்று நாலு மணிபோல எனக்கு ஃபோன் எடுத்தார். ஒரே காற்றுச் சத்தம்.

"டேய், வடக்காலை கறுத்துக்கொண்டு வருது. முழங்குது. மடிக்கட்டோ?"

நான் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வேறொரு கலியாணத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"ஒரு வைட் ஷொட் மட்டும் எடுங்கோ அண்ணை. வானத்தை நான் பாக்கிறன்."

"சரி... நீ பாப்பாய்தானே."

அவ்வளவுதான்.

இன்று காலை செத்த வீட்டில் மலர் அக்கா, அண்ணையின் மனிசி, என்னைக் கூப்பிட்டுத் தன் ஃபோனைத் தந்தார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க ஒரு படம். தோட்டத்தில் அண்ணை சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் நல்ல மப்பு.

"தம்பி, பின்னாலை இருட்டாக் கிடக்கு. உனக்குத்தானே தெரியும், வெளிச்சமா ஒரு வானம் போட்டுவிடு."

தலையாட்டினேன்.

"கடைசியா உன்னோடைதான் கதைச்சிருக்கிறார். என்ன சொன்னவர்?"

"கமரா பற்றறியைச் சார்ச்சிலை போடச் சொன்னவர் அக்கா."

வாயில் வந்த பொய். எல்லாரும் விதி விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதற்குள் ஒளிந்துகொண்டேன். எந்த நேரமும் யாரோ வந்து தோளில் கை வைத்துக் கேட்கப்போகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் ஸ்டுடியோவில் படத்தைத் திறந்தேன். தலைமயிரைச் சுற்றி வெட்டத் தொடங்கினேன். தோள்வரைக்கும் வந்தேன். வெளியே முழங்கியது. மவுசை விட்டுவிட்டுக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். வளர்ந்த ஆம்பிளை நான்.

பிறகு அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும்.

செத்த வீட்டு ஆட்கள் கதைக்கிறது மட்டும் கேட்டது.

"அப்ப... அவர் மடிக்க வெளிக்கிட்டவரோ?"

"ஓம் அக்கா."

ஃபோனை வைத்துவிட்டார். இன்னும் திருப்பி எடுக்கவில்லை. நாளைக்கு அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு எப்படிப் போகப்போகிறேன் என்று தெரியவில்லை. போவேன். பயமாக இருக்கிறது.

படத்தை அச்சடிக்க அனுப்பிவிட்டேன். பின்னால் அதே மப்புத்தான் இருக்கிறது. வானத்தை நான் தொடவில்லை.

அண்ணை... முழங்குது. மடிச்சுக்கொண்டு வாங்கோ.