செம்மண்ணுக்கு அடியில் உமரி

மொகுதூமை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று காயல்பட்டினத்தில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்தபிறகு, செவுளில் சாயம் பூசியிருப்பானோ என்று விரலால் தேய்த்தும் பார்ப்பார். தொழுகைக்கு நின்றால் பாதி மனசு வாசலில் கழற்றிய செருப்பில் இருக்கும். சவூதியில், தம்மாமில் ஒரு கிட்டங்கியில் சரக்கைச் சரிபார்க்கிற வேலையிலேயே தலை நரைத்தவர். உடைந்த பெட்டி, ஒட்டுப்போட்ட சாக்கு, கலப்பட எண்ணெய் என்று பார்த்துப் பார்த்து, உலகமே ஒட்டுப்போட்ட சரக்குதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டிக்கொள்கிற மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். மொகுதூமும் அப்படி மனைவி ரைஹானத்தின் வீட்டுக்கு வந்தவர்தான். ஒரே மகள் மர்வாவுக்கு ஹஜ் பெருநாள் கழித்து நிக்காஹ். அதற்குள் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பியாக வேண்டும். மகளை வீடில்லாமல் நிறுத்திவிட்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தரகர்கள் காட்டிய மனைகளையெல்லாம் தட்டிக் கழித்தார். ஒரு தரகன் அதிகமாகச் சிரித்தான், இன்னொருவன் சிரிக்கவே இல்லை. அவர் கணக்கில் இரண்டுமே தப்பு. கடைசியில் ரைஹானத்தின் அண்ணன் ரசீத், ஊருக்கு வடக்கே தாமிரபரணி கடலில் சேருகிற பக்கம் இருந்த தன் சொந்த மனையையே விலைக்குக் கொடுத்தார். "எம் மருமவளுக்கு இல்லாத எடமா?" என்றார். செம்மண் பரப்பி, பெருக்கித் தெளித்த முற்றம் மாதிரிக் கிடந்தது மனை. மச்சான் கொடுத்த இடம் என்பதால் மொகுதூம் அதைக் காலால்கூடக் கிளறிப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்ததும், செம்மண் கரைந்து இறங்கிய கீழ்மூலையில் பச்சையாக ஏதோ முளைத்தது. உமரி. கடலோரத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த செடிதான். இலை தடித்துச் சதைப்பற்றாய் இருக்கும், கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். மொகுதூம் பிடுங்கி எறிந்தார். மறுபடி முளைத்தது. செம்மண்ணில் உமரிக்கு என்ன வேலை? யாரோ வேண்டுமென்றே நட்டுவைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்.

யாரென்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஒருநாள் காலையில் ஒரு பெண் அந்த மூலையில் குந்தி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து உமரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பையில் வேரோடு உமரிச் செடிகள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று மொகுதூமுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"யாரும்மா நீங்க? எங்க எடத்துல என்ன செய்யுதிய?"

"பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல தாவரவியல் எடுக்கேன் அண்ணாச்சி. சுப்ரஜான்னு பேரு. உமரி வகைகளப் பத்தித்தான் ஆராய்ச்சி. வேலி இல்லாம கெடந்துச்சு, அதான் உள்ள வந்துட்டேன்."

"ஆத்தோரம் பூரா உமரி கெடக்கு. அத விட்டுட்டு எங்க மனைதான் கெடச்சுதாக்கும்?"

"செம்மண்ணுல உமரி நிக்குறத இங்கனதான் பாக்கேன். அதான் ஆச்சரியமா இருக்கு."

நட்டவளுக்கு ஆச்சரியம் வேறா என்று பல்லைக் கடித்தார் மொகுதூம். இன்றைக்கு உமரி, நாளைக்குச் சதுப்பு நிலம் என்று ஒரு பலகை, அதற்கடுத்த நாள் கட்டடம் கட்டக்கூடாது என்று ஓர் உத்தரவு. மர்வாவின் வீட்டுக்குக் குழி தோண்டத்தான் வந்திருக்கிறாள். அவளை விரட்டிவிட்டு நேரே ரசீத்திடம் போனார்.

"கவர்மெண்டு ஆளாத்தான் இருக்கும் மாப்ள. இனிமே உள்ள விடாதிய. நான் இன்னும் ரெண்டு லோடு செம்மண் அடிச்சுத் தாறேன்" என்றார் ரசீத். மொகுதூமுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே எதிரியாய் நிற்கும்போது மச்சான் ஒருத்தராவது நம் பக்கம் இருக்கிறாரே என்று நினைத்தார்.

அதன்பிறகு தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, மனைக்கு எதிரே உடைமரத்து மறைவில் போய் உட்கார்ந்தார். ஒரு ஈ காக்கைகூட உள்ளே வரவில்லை. உமரி மட்டும் அவர் கண்ணெதிரிலேயே தழைத்தது. பக்கத்தில் மேய வந்த ஆடுகளைச் சந்தேகப்பட்டார். அவருடைய புத்திக்கு அதற்குமேல் சந்தேகப்பட ஆளும் கிடைக்கவில்லை.

மறுபடி சுப்ரஜா வந்தாள். இந்த முறை எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். வரச்சொன்னார். கேள்வி கேட்டே மடக்கிவிடலாம் என்ற நினைப்பு.

"உண்மையச் சொல்லுங்கம்மா. எப்ப வந்து நடுதிய?"

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பையிலிருந்து காய்ந்த கொப்பு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். பொடிப்பொடியாக விதைகள் மிஞ்சின.

"இந்த இனத்துல சில செடி ரெண்டு வித வெத வைக்கும் அண்ணாச்சி. பழுப்பு வெத ஒடனே மொளச்சிரும். இந்தக் கருப்பு வெத மண்ணுக்குள்ளயே கெடக்கும். நல்ல மழ பேஞ்சு, மண்ணுல உப்பு கொறஞ்சாத்தான் மொளைக்கும். இத யாரும் நட வேண்டாம். செம்மண் கொட்டுததுக்கு முன்னாடி இங்கன உமரிக்காடுதான் இருந்திருக்கணும்."

"பொய்!"

அவள் சின்னக் களைக்கொத்து ஒன்றால் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்துக்குச் செம்மண். அதன்கீழே கறுத்த களி, வெள்ளை வெள்ளையாக உப்பு. களிக்குள் கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர்க்கட்டை தட்டுப்பட்டது. ஆள் உயரம் வளருகிற நரி உமரி என்றாள். மொகுதூம் அதைப் பிடுங்கிக் கையில் எடுத்தார். நுனி ஒடிந்திருக்கவில்லை. அரிவாளால் ஒரே வெட்டாகச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. உடைந்த சரக்குக்கும் உடைத்த சரக்குக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். வெட்டி, மண்ணைக் கொட்டி மூட வேண்டிய தேவை, விற்றவரைத் தவிர வேறு யாருக்கு இருந்திருக்கும்?



"இதுல வீடு நிக்குமாம்மா?"

"எனக்குக் கட்டடம் தெரியாது அண்ணாச்சி. ஆனா நரி உமரி தானா வளருத எடத்துல மண்ணு பூரா உப்பு. செவுத்துலயும் ஏறும், கெணத்துலயும் ஏறும்."

மொகுதூம் கட்டையில் ஒட்டியிருந்த களியைத் துண்டால் துடைத்தார். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத அந்த மனிதர் கெஞ்சினார்.

"நீங்கதான் நட்டதா ஒரு வார்த்த சொல்லிருங்களேம்மா. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

சுப்ரஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ரசீத் நடுவீட்டில் உட்கார்ந்து தேயிலை குடித்துக்கொண்டிருந்தார். ரைஹானத் அண்ணனுக்குப் பிடித்த பலகாரத்தைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மொகுதூம் கட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரசீத் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"இத எதுக்கு மாப்ள தோண்டுனிய?"

தோண்டி எடுத்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வழியில் கிடந்த விறகாகக்கூட அது இருந்திருக்கலாம். ரைஹானத் அண்ணன் முகத்தையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த இடத்துக் கட்டை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊரில் பால்காரன், மீன்காரன், தரகன், ஆடு என்று எல்லோரையும் வாய் ஓயாமல் குற்றம் சொன்ன மொகுதூமுக்கு, திட்ட வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வார்த்தை வரவில்லை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. உள்ளறையில் மர்வா யாரிடமோ போனில், தன் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒங்க சொந்த மவளுக்கு அங்கன வீடு கெட்டிக் குடி வைப்பியளா?"

 ரைஹானத் குனிந்து, அண்ணன் கையிலிருந்த தேயிலைத் தம்ளரை, பாதி குடித்திருக்கும்போதே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.