படகில் இடம் இருந்தது

செல்வராணி போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக டயாலிசிஸில் இருந்தவள். எதிர்பார்த்த செய்திதான். நான் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் மஸ்கட் வாட்ஸ்அப் குழு முழுக்க அவள் படங்கள். மணிலாவிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் செத்தால் இவர்களில் யார் இப்படி அழுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அவளைப் பற்றி எழுதும்போது இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மஸ்கட்டில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தோம். நான் மருந்தகத்தில், அவள் எக்ஸ்ரே பிரிவில். நான் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். அவள் நரிக்குடிக்கு அந்தப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தவள். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; அன்று கடலுக்குப் போகும் படகுப் பயணத்தை ஆரம்பித்தது நான். படகுக்காரரைத் தேடிப் பிடித்ததும், ஆள் சேர்த்ததும், பெயர்ப் பட்டியல் போட்டதும் நான்தான். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்றும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் பயணத்தில் தீவருகே படகு நின்றது. அடியில் பவளப்பாறை தெரிந்தது. எவ்வளவு ஆழம் என்பதும் தெரிந்தது. தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ராணியோ அரைகுறை இந்தியில் படகுக்காரரிடம் தனக்கு நீச்சல் தெரியாது, பயமாகவும் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவர் மிதவை வளையம் ஒன்றில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துக்கொண்டு நீந்தினார். மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயுமாகத் தண்ணீரில் முகம் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவேயில்லை. மேலே ஏறி வந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, கிளிமீனு பாறையக் கடிக்கிற சத்தம் கேக்குதுக்கா. கருப்பட்டியக் கடிக்கிற மாதிரியே இருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்மாய் நிறைந்தால் மட்டுமே தண்ணீர் பார்த்த ஊர்க்காரி, நான் தேடிப் பிடித்த கடலை எனக்கே சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

சில மாதங்களில் அது ராணியின் படகாகிவிட்டது. வரலாமா என்று கேட்பவர்கள் முதலில் அவள் வருகிறாளா என்று கேட்டார்கள். புதிதாக வந்தவர்களின் கையைப் பிடித்து அவள்தான் இறக்கிவிட்டாள். நான் வாராவாரம் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, எல்லோருடைய செருப்புக்கும் போனுக்கும் காவல் இருந்தேன். என்னிடம் மிச்சம் இருந்தது பெயர்ப் பட்டியல் ஒன்றுதான்.

திமிங்கலச் சுறா வரும் பருவத்தில் தூரத்துத் தீவுக்குப் போக முடிவானது. டூட்டியை மாற்றிக்கொண்டு வருகிறேன், ஓர் இடம் போட்டு வையுங்கள் என்றாள் ராணி. படகு நிறைந்துவிட்டது என்றேன். இரண்டு இடம் காலியாகவே போனது. அன்று சுறா வந்தது. படகை விடப் பெரியது. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாம். எல்லோரும் குதித்தார்கள். நான் மேலிருந்து ஒரு கறுத்த நிழலை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் உணவுக்கூடத்தில் ஏன் வரவில்லை என்று ஆளாளுக்கு அவளைக் கேட்டார்கள். டூட்டி மாற்ற முடியவில்லை என்றாள். என் எதிரில் தட்டோடு உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டாள். நான் இறங்கவில்லை என்று முனகினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

“அப்ப நீங்களும் பாக்கலையாக்கா?” என்றாள். சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

அடுத்த பருவம் அவளுக்கு வரவில்லை. கால் வீங்கியது, பரிசோதித்தார்கள், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து நானும் ஒப்பந்தம் முடிந்து திரும்பிவிட்டேன். அருப்புக்கோட்டைக்கு அவள் டயாலிசிஸ் செய்ய வரும் நாட்களில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் நர்சுகள் அவளைச் சுற்றித்தான் நின்றார்கள். அதைக்கூட நான் கவனித்தேன்.

போன மாதம்தான் எனக்கு வாய் வந்தது.

“அன்னைக்குப் படகுல எடம் இருந்துச்சு ராணி.”

“தெரியும்க்கா. அன்னைக்கே சொல்லிட்டாக.”

“ஏன் என்னைய ஒண்ணுமே கேக்கல?”

“கேட்டா நீங்க படகுக்கு வாரத விட்ருவீக. நீங்க ஆரம்பிச்சது அது.” கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். “ஆனா ரெண்டு நாள் அழுதேன். யாருட்டயும் சொல்லல. அந்தச் சொறாவப் பாக்கணும்னு அம்புட்டு ஆசையா இருந்துச்சுக்கா.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குழுவில் எல்லோரும் அவள் சிரிப்பைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதட்டும், அது அவர்களுடையது. அந்த இரண்டு நாள் அழுகை எனக்கு மட்டுமே தெரியும்; நான் கொடுத்தது, என்னிடம் மட்டும் அவள் சொன்னது. அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.