இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

கப்பல் ஏஜென்சி ஒன்றில் கப்பல்களின் வருகைப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வேலை விட்டும் பழக்கம் விடவில்லை. தினமும் மாலையில் காற்றின் திசை, நங்கூரத்தில் கிடக்கும் கப்பல்கள், அன்று நடந்தது என்று நாலைந்து வரி கணினியில் எழுதிவைப்பேன். காலையில் கணினியைப் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன்.

ஒரு திங்கட்கிழமை, பழைய ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியதால், அதிலிருந்ததை அப்படியே புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று பழையதையும் உள்ளேயே விட்டுவைத்தேன். மறுநாள் காலை, கணினியை ஓட்டும் லினக்ஸுக்கு அப்டேட் வந்தது, போட்டேன். மாலையில் வழக்கம்போல் எழுதினேன்.

புதன் காலை பார்த்தால் செவ்வாய்க் குறிப்பைக் காணவில்லை. நேற்றுப் போட்ட அப்டேட்டையே மறுபடி போடச் சொன்னது. சேமிக்காமல் மூடிவிட்டேன் போல என்று, செவ்வாயை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். அப்டேட்டையும் மறுபடி போட்டேன். வியாழன் காலை செவ்வாய் இருந்தது, புதன் இல்லை. வெள்ளியன்று புதன் இருந்தது, வியாழன் இல்லை.

அப்டேட்டின் மேல் பழியைப் போட்டு, லினக்ஸின் மையமான கர்னலை அப்டேட்டுக்கு முந்தையதாக மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் பயம் வந்தது. அப்பாவுக்கும் ஏறத்தாழ இந்த வயதில்தான் மறதி தொடங்கியது. கடைக்குப் போய்விட்டு வந்ததை மறந்து மறுபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கடைசியில் என்னையே யாரென்று கேட்டார். பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டுவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"நேத்து நான் எழுதுனதை நீ பாத்தியா?"

"கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்ததைப் பாத்தேன். எழுதுனீங்களா தூங்குனீங்களான்னு முதுகை வச்சு எப்படிச் சொல்லுதது?"

சனிக்கிழமை முழுக்கக் கணினியை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எந்த நாள் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் குறித்தேன். செவ்வாய் எப்போதும் இருந்தது. ஆனால் புதனும் வியாழனும் ஒருதடவைகூடச் சேர்ந்து வரவில்லை. மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்குமா?

எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்று ஞாயிறு காலைதான் பார்க்கத் தோன்றியது. புதன் இருந்தால் பழையது. வியாழன் இருந்தால் புதியது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. கணினி எழும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் தேடும். அப்படியே நகலெடுத்ததில் எண்ணும் சேர்ந்து வந்திருக்கிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு பேர்; எது முந்துகிறதோ அது அன்றைய கணினி. அப்டேட் பாவம்.

பழையதைக் கழற்றி, எண்ணை மாற்றி, வெளியிலிருந்து இணைத்தேன். எல்லா நாட்களும் இருந்தன. செவ்வாய் மட்டும் இரண்டு. அன்று மாலை எழுதியது புதியதில். நினைவிலிருந்து எழுதியது பழையதில். மனைவியைக் கூப்பிட்டு இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"கொண்டல் காற்று. நங்கூரத்தில் ஐந்து கப்பல். மாலையில் அவளோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன்."

"கொண்டல் காற்று. நங்கூரத்தில் ஐந்து கப்பல். மாலையில் கடற்கரைச் சாலையில் தனியாக நடந்தேன்."

படித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முந்தின நாள் கூட நடந்தவளை மறுநாள் காலையிலேயே மறந்திருக்கிறேன்.

"கப்பல் மட்டும் அஞ்சும் சரியா இருந்துச்சாக்கும்?" என்றாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தானே..."

"மாமாவுக்கு வந்தது வியாதி. நீங்க கல்யாணமான நாள்லேருந்தே இப்படித்தான். அந்த டோக்கனை வேண்டாம்னு சொல்லிருங்க. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட மருந்து கிடையாது."

போன் செய்து சொல்லிவிட்டேன். மருந்து கிடையாது என்று சொன்னபோது அவள் கோபமாக இருந்தாளா, சிரித்தாளா என்று அன்றைய குறிப்பில் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எழுந்துபோய் அவளிடமே கேட்டேன்.