மேலே நிற்கிறவன் என்ன செய்தான்

அந்த மெஷினில் கதை என்று ஒன்று கிடையாது. திரையின் கீழே ஒரு சின்ன முக்கோணம், அது நாம். மேலே அகலமாக ஒரு கப்பல், இரண்டு சிவப்பு விளக்குகளோடு, இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே இருக்கும், அவன் எதிரி. அவன் குண்டு போடுவான், நாம் சுட வேண்டும். நாலைந்து அடி விழுந்தால் வெடித்துச் சிதறுவான். கொஞ்ச நேரத்தில் வேறு நிறத்தில், இன்னும் வேகமாக, மறுபடி வந்து நிற்பான். நாம் சாகிறவரை இப்படியே போகும். அத்தான் இதைப் பம்பாயிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

எண்பதுகளின் பின்பாதி. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பம்பாயில் ஒரு வீடியோ கேம் கடையில் மெஷின் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். கடைக்காரர் கழித்துப்போட்ட ஒன்றை வாங்கித் தானே சரிசெய்து வைத்திருந்தார். அக்கா அந்த ஊரில் இரண்டு வருஷம் ஒற்றை அறையில் இருந்து பார்த்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு தென்காசிக்கு வந்தவள், இனி திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

"எம்பிள்ள இங்கனதான் பொறக்கணும், இங்கனதான் வளரணும்" என்றாள்.

"சரி, குத்தால சீசன்ல இந்த மெஷினப் போட்டுப் பாப்போம். ஓடுச்சுன்னா இங்கனயே இருந்துருவோம். ஓடலன்னா ஆவணில வண்டி ஏறணும். அப்பொறம் நீ அழக்கூடாது" என்றார் அத்தான். அக்கா சம்மதித்தாள்.

நான் பி.ஏ. முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் எல்லாருடைய பேச்சிலும் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த காலம். சில்லறை மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என்னை வெளியே அனுப்பியதில் அம்மாவுக்கும் நிம்மதி.

பெரிய அருவிக்குப் போகிற சாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கும் அல்வாக் கடைக்கும் நடுவில் தார்ப்பாய் போட்டு மெஷினை நிறுத்தினோம். பக்கத்து லாட்ஜிலிருந்து கரண்ட். சாரல் ஓயாமல் அடிக்கும். தலைக்குத் துண்டு கட்டியவர்கள், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். எல்லாரும் நின்று பார்த்தார்கள். யாரும் காசு போடவில்லை. போட்ட ஒன்றிரண்டு பேரின் எண்ணெய்க் கை பட்டுச் சுடுகிற விசை வழுக்கியது. அத்தான் சீயக்காய்த்தூளும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ லாரி ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் அடிக்கடி குளிக்க வருவார். கேரளாவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. ஒருநாள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, மேல நிக்குதவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. அவன் எதிரி."

"ஒண்ணும் செய்யாதவன நான் எதுக்குச் சுடணும்?"

நான் அத்தானைப் பார்த்தேன். மெஷினின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு கம்பியும் தெரிந்த அத்தான் அந்தக் கேள்விக்கு விழித்தார். எனக்கு ஒரே ஆர்வமாகிவிட்டது. கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்துப் பேர் வாங்கியவள் நான். என் வில்லன்களுக்கெல்லாம் ஒட்டுமீசை இருக்கும். மீசை கீழே விழுந்தால் நாடகமும் விழுந்துவிடும். ஆனாலும் ஒருவன் என்ன செய்தான் என்று எழுத எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே எழுதினேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மேகத்தையெல்லாம் ஒருவன் வழிமறித்து நிற்கிறான். அவன் விட்டால்தான் அருவியில் தண்ணீர். அத்தான் வாடகைக்கு மைக் எடுத்து வந்து, யாராவது காசு போட்டதும், "மேகத்தை மறித்தவன் வந்துவிட்டான்! நம் அருவியை மீட்க யார் இருக்கிறார்கள்?" என்று வாசிக்க ஆரம்பித்தார். அந்த வாரம் பார்த்துச் சாரலும் குறைந்து, அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் குளிக்க வந்து ஏமாந்தவர்கள் அத்தனை கோபத்தையும் அவன்மேல் காட்டினார்கள். இலஞ்சியிலிருந்தும் மேலகரத்திலிருந்தும் தினமும் வருகிற கூட்டம் ஒன்று சேர்ந்தது. சாப்பாடு கொண்டுவந்த அக்கா, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

லாரி அண்ணாச்சிதான் அடுத்த கேள்வியும் கேட்டார். "கொன்னாச்சுல்லா, பின்ன எப்படித் திரும்ப வருதான்?"

இதற்கும் மெஷினில் பதில் இல்லை. தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு போனேன். அவனுக்குத் தம்பிகள் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். மாயம் என்று சொல்லலாம். இரண்டும் எனக்கே சப்பென்றிருந்தது. பஸ் இறங்கும்போது பதில் வந்தது. அவன் ஏற்கெனவே செத்தவன். செத்தவனை எத்தனை தரம் கொன்றால் என்ன?

அப்படியானால் அவனை முதலில் கொன்றது யார்? இத்தனை நாள் மைக்கில் நாம் திட்டிக்கொண்டிருந்தவன் ஒரு குளத்து மடையைக் காத்த காவல்காரன். கரை நிற்காமல் வருஷா வருஷம் உடைந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, உண்ட மயக்கத்தில் தூங்கியவனை மடைக்கு அடியில் உயிரோடு வைத்துக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் கரை உடையவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள். "நான் காத்த தண்ணீரை நான் தந்தால்தான் குடிப்பீர்கள்" என்று அவன் மேகத்துக்குக் குறுக்கே போய் நின்றான். எதிரி அவன் இல்லை, நாம்தான். இதை மூன்றாவது தரம் அவன் திரும்பி வரும்போது வாசிக்க வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். அத்தான் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதுத பிள்ள நீ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன்; முடிந்ததும் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அத்தான் வாசித்தபோது, விளையாடிக்கொண்டிருந்தவர் மேலகரத்துக்காரர், நல்ல வாட்டசாட்டமான ஆள். பாதியிலேயே அவர் கை விசையிலிருந்து இறங்கிவிட்டது. மேலிருந்து விழுந்த குண்டில் அவருடைய முக்கோணம் வெடித்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவன் செத்துப்போவதில்லை; நிற்பான். அவனுக்குப் பீடம் போட்டு வருஷத்துக்கு ஒருமுறை கொடை விழா நடத்துவார்கள். கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து கும்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அப்படியொரு பீடத்துக்கு அம்மாவோடு போய்ப் பொங்கல் வைத்தவள்தான் நான். கதையையும் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறேன், வேறு எங்கிருந்து வரும்? ஆனால் கரண்டில் ஓடுகிற ஒரு பெட்டிக்குள் இருப்பவனுக்கும் அந்த முறை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பிறகு அவனை யாரும் சுடவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று அத்தான் தலையில் கை வைத்தார். அப்போதுதான் லாரி அண்ணாச்சி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, மெஷின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். காசு போட்டார். விசையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குண்டு விழுந்தது, முக்கோணம் வெடித்தது. "முன்னால அறியாம ரொம்பச் சுட்டுட்டேன்லா. இப்ப அவன் சுடட்டும்" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. காசு போடுவது, கையைக் கட்டுவது, சாவது, நகர்வது. முன்பு ஒருவர் ஆடி முடிக்க எவ்வளவோ நேரம் ஆகும். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். உண்டியல் மாதிரி பெட்டி நிறைந்தது. இரண்டாவது வாரத்தில் மெஷினுக்கு அரளி மாலை விழுந்தது, நெற்றி என்று யாரோ ஓர் இடத்தைத் தீர்மானித்துக் குங்குமமும் வைத்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அதைவிட அதிகமாக இருந்தது ஆச்சரியம். கதையில் நான் வைத்த திருப்பத்துக்கு அப்பால், நான் வைக்காத ஒரு திருப்பம் தானாக நடந்துகொண்டிருந்தது.

இப்போது பிள்ளைகள் ஆடுகிற கேம்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். வில்லனுக்கு ஒரு துயரம், பாதிக்குமேல் ஒரு திருப்பம், கூடவே வந்த நண்பனே துரோகி என்று எல்லாம் உண்டு. நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அவன் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய பிள்ளை, அடுத்த நிமிஷமே அவனைச் சுட்டுத்தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. அது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா சில நாள் உடம்பு முடியாமல் வராதிருந்தாள். வந்த அன்று மாலையையும் குங்குமத்தையும் வரிசையையும் பார்த்தாள். கொண்டுவந்த தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. அத்தானைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கூப்பிட்டாள். நானும் போனேன்.

"இவன் நெசமா, பொய்யா?" என்றாள்.

"இவதான எழுதுனா" என்று அத்தான் என்னைக் காட்டினார்.

"பொய்யின்னா, நாம கும்பிட வந்தவங்க காசத் திருடுதோம். நெசம்னா, உசுரோட பொதச்சவன் பேருல வார காசு எம்பிள்ளைக்கு ஆகாது. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். எழுதியவள் நான்.

மறுநாள் மைக்கை நானே வாங்கி, "இது நான் எழுதுன கதைங்க. அப்படி ஒரு குளமும் இல்ல, காவல்காரனும் இல்ல" என்று சொன்னேன். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. லாரி அண்ணாச்சி அன்பாகத்தான் சொன்னார். "நீ எழுதலம்மா. அவன் ஒன்ன எழுத வச்சான்."

வேறு வழியில்லாமல் இன்னொரு திருப்பம் எழுதினேன். காவல்காரனின் மனம் ஆறிவிட்டது. ஊரை மன்னித்து, மேகங்களைத் திறந்துவிட்டு, மலையேறிப் போய்விட்டான். இனி இது வெறும் விளையாட்டு. நான் எழுதியதிலேயே அழகான பகுதி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அத்தான் நிறுத்தி நிதானமாக வாசித்தார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி திரையைக் காட்டினார். "போயிட்டான்னா, அந்தா மேல நிக்குதவன் யாரு?"

இரண்டு சிவப்பு விளக்குகளோடு அவன் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தான். அவனைப் போகச்சொல்ல மெஷினுக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது; பழுது பார்க்கத்தான் தெரியும், அவன் பழுதில்லையே. அத்தான் பிளக்கைப் பிடுங்கினார். காலையில் போய்ப் பார்த்தால், மூடியிருந்த தார்ப்பாய்க்கு வெளியே வரிசையாக எலுமிச்சம்பழங்கள் இருந்தன. அக்கா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பரணிலிருந்து பயணப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எதுக்குக்கா இப்ப பெட்டி? சீசன் ஓடிருச்சுல்லா, இங்கன வேற ஏதாவது போட்டு நடத்துவோம்னு அத்தான் சொல்லுதாக" என்றேன்.

"என்ன போட்டாலும் அந்தக் காசுலதான போடணும்? அதத் தொடாம இருக்கணும்னா, அவுகளுக்குத் தெரிஞ்ச வேல பம்பாயிலதான இருக்கு?" என்றாள். வந்த காசையெல்லாம் பண்பொழி மலைக்கோயில் உண்டியலில் போடச் சொல்லிவிட்டாள். லாட்ஜுக்காரருக்கும் மைக் வாடகைக்காரருக்கும் கொடுத்தது போக, மீதியை அத்தான் கொண்டுபோய்ப் போட்டார். மெஷினைத் திரும்ப ஏற்றிப் போகவும் அவருக்குத் துணிவில்லை. லாட்ஜின் பின்கட்டில் விட்டுவிட்டார்.

ஆவணியில் தென்காசி ஸ்டேஷனில் அவர்களை வண்டி ஏற்றிவிடப் போனேன். பிள்ளை பம்பாயில்தான் பிறக்கும், அங்கேதான் வளரும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்மேல் கோபமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வண்டி ஊதியதும் அவளே ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்தக் கத நல்லாருந்துச்சு. மொத தரம் கேட்டப்ப நானும் அழுதேன்" என்றாள். "கொஞ்சம் மட்டமா எழுதியிருந்தன்னா, நான் இங்கனயே இருந்திருப்பேன்."

வண்டி நகர்ந்தது. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அழுகைக்குள்ளேயே, அக்காவுக்குக் கதை பிடித்திருக்கிறது என்ற சந்தோஷமும் இருந்தது. அதை மட்டும் எவ்வளவு முயன்றும் என்னால் அடக்க முடியவில்லை.