பெரியப்பா வைத்த வெல்டு

அப்போது நடந்தவை வரிசையாக:

1. அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றுக்காக எங்கள் பட்டறை தன் முதல் காந்தத்தைச் செய்து முடித்தது.
2. அதைத் தொங்கவிடும் கொக்கிகளுக்குப் பெரியப்பா வெல்டு வைத்தார்.
3. காந்தம் செத்தது.
4. ஆலையிலிருந்து என்ஜினீயர் வந்தார்.
5. அப்பா பொய் சொன்னார்.

நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு ஐந்தாவதுதான் அதிர்ச்சி.

பெரம்பலூரில் எங்கள் பட்டறை என்றால் இரும்பு கேட்டும் டிராக்டர் டிரெய்லரும்தான். பக்கத்துக் குன்னத்துக்காரர்கள் மக்காச்சோளம் ஏற்றும் டிரெய்லருக்குப் பெரியப்பாவைத் தேடி வருவார்கள். காந்தம் அப்பாவின் ஆசை. சுண்ணாம்புக்கல்லோடு பெல்ட்டில் வரும் இரும்புத் துண்டு, கல் உடைக்கும் கிரஷருக்குள் விழுந்தால் ஆலை நின்றுவிடும். மேலே தொங்கும் காந்தம் அதை முன்பே பிடித்துவிட வேண்டும். "இதெல்லாம் ஒரு யாவாரமாடா?" என்று கேட்டுக்கொண்டேதான் பெரியப்பா தம்பிக்குக் காந்தம் வைக்கும் இரும்புப் பெட்டியை அடித்துக் கொடுத்தார்.

"சூடு பட்டா காந்தம் போயிடும்ணே. கொக்கிய போல்ட்டு போட்டு மாட்டிக்கலாம்" என்று அப்பா சொன்னது எனக்கே கேட்டது. ஆனால் பெரியப்பா வாழ்நாளில் போல்ட்டை நம்பியவர் இல்லை. அப்பா வெளியே போன நேரத்தில் நான்கு கொக்கிகளையும் சுற்றி வெல்டு இழுத்துவிட்டார். மீன் செதில் அடுக்கியது போல அத்தனை அழகு.

மறுநாள் என்ஜினீயர் காந்தத்தைச் செயினில் தொங்கவிட்டு, கீழே பலகையில் ஒரு போல்ட்டை வைத்தார். முந்தின நாள் அதே உயரத்துக்குத் துள்ளி ஏறிய போல்ட், லேசாகப் புரண்டு படுத்துக்கொண்டது.

"யாருங்க இதுல வெல்டு வெச்சது?"

பெரியப்பா தலை குனிந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் வெக்கச் சொன்னேன். சூடு உள்ள போவாதுன்னு நெனச்சுட்டேன். இத எடுத்துட்டுப் போவாதீங்க, வேற செஞ்சு தரேன்."

"அப்பா, நீங்க போல்ட்டுதான..." என்று ஆரம்பித்த என் வாயை, பெட்டிக்குள் காந்தத் துண்டுகளை அடுக்கித் தந்த அம்மா பொத்தினார்.

"காந்தம் செய்யற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று என்ஜினீயர் சிரித்தார்.

"இப்பத் தெரிஞ்சுடுச்சு சார்."

ஒரு வாய்ப்பு தருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பெரியப்பா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் கழித்து டிரில் மிஷினோடு திரும்பி வந்தார்.

"அளவ சொல்லுடா, போல்ட்டுக்கு ஓட்ட போடறேன்."

அதுவரை அளவு சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்; கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அளவைச் சொன்னபோது குரல் உடைந்தது. திட்டு வாங்காமல் தப்பித்தவர் பெரியப்பா, அழுவது ஏன் அப்பா என்று எனக்குக் குழப்பம்.

காந்தத்தை மறுபடி செய்துவிடலாம், கழற்றிவைத்த கையுறையை அண்ணன் மறுபடி எடுப்பாரா என்பதுதான் அப்பாவின் பயம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று இரும்பு வேலை பெரியப்பாவிடம், காந்த வேலை அப்பாவிடமும் என்னிடமும். கம்பெனி ஒன்றுதான்.