அந்தப் பேரில் யாரும் இல்லை

சலவைக்கடையில் அவளுக்கு நீராவியக்கா என்று பெயர். இஸ்திரிக்காரர் வைத்தது. நாள் முழுக்க ஆவிக்கு நடுவே நின்று கோட்டுகளைத் தொங்கவிடுகிறவளை வேறென்ன சொல்வது? வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மா, மாமியாருக்கு ‘இந்தாம்மா’, பஸ் ஓட்டும் கணவனுக்கு ‘ஏய், எங்க இருக்க?’, தெருவுக்கு டிரைவர் வீட்டம்மா. வாடகைப் பத்திரம், கரண்டு பில், சிலிண்டர் எல்லாம் அவன் பெயரில். அவளுக்கும் அப்பா ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரயில் மாதிரி நீளம். பள்ளிக்கூடத்தோடு அதைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

அப்படிப்பட்டவளுக்கு கிரெடிட் கார்டு எதற்கு என்று கேட்பீர்கள். வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, துவைத்த கோட்டை எடுக்க வந்தவள், பணம் கட்ட ஒரு கார்டை நீட்டினாள். வாங்கும்போது நீராவியக்காவின் கட்டைவிரலில் எழுத்து நெருடியது. மேடு மேடாக, அந்தப் பெண்ணின் பெயர்.

“முழுப் பேரும் வருமா?”

“வரும்க்கா. நானே அப்ளிகேஷன் போட்டுத் தரேன். கடைக்கு ஒரு போன் பண்ணுவாங்க, நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா முடிஞ்சுது.”

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. “வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிற,” என்றான் கணவன், பல் துலக்கிக்கொண்டே. அவன் சொல்லுவான். அவன் பெயரைத்தான் சட்டையிலேயே குத்தி அனுப்புகிறார்களே, பஸ் ஏறுகிற அத்தனை பேரும் படிக்க!

துணி சுழலும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி முன்னால் அவள் மெய்மறந்து நின்றாள். நுரை புரளப் புரள எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, முங்கின, மறுபடி வந்தன. கார்டு வந்ததும் யாரிடம் காட்டுவது? அப்பாவிடம்தான். கடைசிக் காலத்தில் கண் மங்கி எல்லாவற்றையும் தடவித்தான் பார்த்தார். அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் நுரைக்குள் கை நீட்டி, கார்டை முதலில் அவரிடம்தான் கொடுத்தாள். அவர் விரல் முதல் எழுத்தில் நின்று, மெல்ல மெல்ல நகர்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடை போன் அடித்தது. கனவு கலையாமலே எடுத்தாள்.

போனில் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். சலவைக்கடையில் போனில் பெயர் வந்தால் கண் தானாகக் கம்பிக்குப் போகும், தொங்கும் துணிகளில் குத்தியிருக்கும் சீட்டுகளுக்கு. அவளுக்கும் போயிற்று. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தாள்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே.”

“நிச்சயமாவாம்மா?”

“நல்லாப் பாத்துட்டேங்க.”

வைத்துவிட்டு இரண்டு கோட்டுகளைத் தொங்கவிட்டாள். மூன்றாவதைத் தூக்கிய கை அப்படியே நின்றது. அடிப்பாவி! தன் பெயரைத் தானே தேடி, இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளே! ஓடிப்போய், வந்த எண்ணுக்கே போட்டாள்.

“அப்படி யாரும் இல்லைன்னு இப்பத்தானே சொன்னாங்க?” என்றார் அவர்.

“நான்தாங்க சொன்னேன்.”

“நீங்க யாரு?”

“அவங்கதாங்க.”

“அப்ப எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க?”

கம்பியைப் பார்த்தாள். உண்மையைத்தான் சொன்னாள்.

“அப்ப இல்லீங்க. இப்பத்தான் வந்தேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “சரிம்மா. இது ஒண்ணுதான் பாக்கி. கார்டு வந்துரும். பேரை ஒரு தடவை நீங்களே சொல்லுங்க, சரிபார்த்துக்கறேன்.”

இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, ஓர் எழுத்து விடாமல் முழுசாகச் சொன்னாள்.

யார் பெயரோ என்று நிமிர்ந்த இஸ்திரிக்காரர், சட்டைமேல் வைத்த பெட்டியை எடுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடையதோ ஒரு காலர் அன்று கருகிப்போனது.